மூன்று வயது மகளின் முன்பற்கள் கறுத்துக்கொண்டு வருகின்றன, பால் பல்தானே என்று விடலாமா?

லிந்துலை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளின் பல்லைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பதில் போடுங்கள்.

என் மகளுக்கு மூன்று வயது நடக்கிறது. மேல் வரிசையில் முன்னால் இருக்கும் நான்கு பல்லும் பழுப்பாகி, இப்போது ஈறோரத்தில் கறுக்கத் தொடங்கிவிட்டன. நடுப்பல் ஒன்றின் நுனி சின்னதாகப் பொடிந்திருக்கிறது. போன வருஷம் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. துணியால் துடைத்தும் போகவில்லை. ஆனால் கீழ் வரிசை முன்பற்கள் நல்ல வெள்ளையாக இருக்கின்றன. ஒரே வாயில் மேலே மட்டும் எப்படிக் கெட்டுப்போகும் என்று எனக்குப் புரியவில்லை.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, போனால் பகல் சாப்பாட்டுக்குத்தான் லயத்து வீட்டுக்கு வருவேன். மறுபடி மலைக்கு ஏறினால் திரும்பி வர அந்தியாகிவிடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மாமியார். வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். டொஃபி, சொக்லட் வாங்கிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர் வரும்போது ஒரு பிஸ்கட் பக்கெட் கொண்டுவருவார், அவ்வளவுதான். பிள்ளை குடிப்பது பால்மா கரைத்த பாலும் தேத்தண்ணியும். இரண்டும் போத்தலில்தான். ராத்திரி போத்தல் வாயில் இருந்தால்தான் தூங்குவாள், நடுச்சாமத்தில் எழுந்து இன்னொரு தடவை கேட்பாள். சீனி போடாவிட்டால் தள்ளிவிடுவாள்.

பல் விளக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனால், பீலியில் கொட்டும் தண்ணியைக் கண்டதுமே அழுகை. இங்கே மார்கழி, தையில் பெரியவர்களுக்கே அந்தத் தண்ணியில் கை வைக்க முடியாது.

லயத்தில் எல்லோரும் "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எனக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். கட்டாயம் போகத்தான் வேண்டுமா, வீட்டிலேயே ஏதாவது செய்யலாமா?

ஹட்டன் கடைக்காரர் எழுதியது:

தங்கச்சி, மனசை விட வேண்டாம். என் மூத்தவனுக்கும் இப்படித்தான் முன்பல் எல்லாம் கறுத்து வேர் மட்டும் மிஞ்சியிருந்தது. பிறகு விழுந்து புதுப்பல் வந்துவிட்டது, இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். வலி என்று அழுதால் ஒரு கிராம்பை நசுக்கி அந்த இடத்தில் வையுங்கள். எங்கள் அம்மா அடுப்புக்கரியும் உப்பும் சேர்த்துத்தான் எங்களுக்குப் பல் விளக்கிவிட்டார். அந்தக் காலத்து ஆட்கள் கிழடாகியும் கரும்பு கடித்தார்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டு அலைய வேண்டிய அவசியம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பல் மிஸ் எழுதியது:

தங்கச்சி, நான் பாடசாலைப் பல் சிகிச்சையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மஹரகமவில் பயிற்சி எடுத்துவிட்டு, என் உத்தியோக காலத்தில் பாதிக்கு மேல் தலவாக்கலை, ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளின் வாயைப் பார்த்தே கழித்தேன். நீங்கள் எழுதியதை வாசித்தபோது உங்கள் மகளின் வாயை நேரில் பார்த்த மாதிரியே இருந்தது, அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மேலே மட்டும் கெட்டு, கீழே நன்றாக இருப்பதற்குக் காரணம் அந்தப் போத்தல்தான். பிள்ளை படுத்துக்கொண்டு சப்பும்போது நாக்கு முன்னால் நீண்டு கீழ் முன்பற்களை மூடிக்கொள்ளும். கீழ்ப்பக்கம் உமிழ்நீரும் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். பால் தேங்கி நிற்பது மேல் முன்பற்களைச் சுற்றித்தான். தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும், விழுங்குவதும் குறையும். ஆகவே அந்தச் சீனிப்பால் ராத்திரி முழுக்கப் பல்லோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மேல் முன்பல் நான்கும் கெட்டு, கீழ் முன்பற்கள் தப்பியிருந்தால், "ராத்திரிப் போத்தல் உண்டா?" என்பதுதான் நாங்கள் தாயிடம் கேட்கும் முதல் கேள்வி.

ஈறோரத்தில் நீங்கள் பார்த்த வெள்ளைக்கோடுதான் சொத்தையின் ஆரம்பம். பல்லின் மேலோடு சுண்ணாம்புச் சத்தை இழக்கும்போது அப்படி மங்கலான வெள்ளையாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் பேஸ்ட்டிலுள்ள புளோரைட்டும் சுத்தமும் கிடைத்தால் பல் திரும்பத் தேறிவிடும். பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு தானாக ஆறாது, ஆனால் மேலும் பரவாமல் நிறுத்த முடியும். இதை வாசிக்கிற மற்றத் தாய்மாரும் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையை வாசல் வெளிச்சத்தில் மடியில் கிடத்தி, பெருவிரலால் மேல் உதட்டை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பல்லும் ஈறும் சேருகிற இடம் உதட்டுக்குள் மறைந்திருப்பதால் பிள்ளை சிரிக்கும்போது கண்ணில் படாது.

அடுத்தது இந்த டொஃபி விஷயம். "டொஃபியே கொடுப்பதில்லை மிஸ், எப்படி வந்தது?" என்று நிறையத் தாய்மார் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். நம் தோட்டங்களில் பிள்ளைகளின் பல்லைக் கெடுப்பதில் தேத்தண்ணிக்குப் போடும் சீனிக்குப் பெரிய பங்கு உண்டு. லயத்தில் பெரியவர்கள் உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு வாய் வெறுந்தேத்தண்ணி என்று குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் கையை நீட்டும், பாட்டி அந்தச் சின்னக் கையிலும் கொஞ்சம் வைப்பார். பிள்ளை அதை ஒரேயடியாக வாயில் போடாது. விரலை நனைத்து, தொட்டுத் தொட்டு, அரை மணி நேரம் நக்கும். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் போத்தலில் தேத்தண்ணி, அப்புறம் ஒரு பிஸ்கட்.

வாயில் இருக்கும் கிருமிகள் சீனியைத் தின்று அமிலம் விடுகின்றன. அந்த அமிலத்தில் பல்லின் மேலோடு கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சரிப்படுத்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை எடுக்கும். அதற்குள் மறுபடி ஒரு வாய் சீனித் தேத்தண்ணி போனால் பல்லுக்கு ஆறுவதற்கு நேரமே இல்லை. ஆகவே கோயில் திருவிழாவில் சாப்பாட்டோடு ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட பிள்ளையை நினைத்து நான் கவலைப்பட மாட்டேன். காலையிலிருந்து அந்தி வரை போத்தலைக் கையிலேயே வைத்துக்கொண்டு சிப்புச் சிப்பாகக் குடிக்கும் பிள்ளையை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

அளவையும் சொல்லிவிடுகிறேன். சேர்த்துக்கொள்ளும் சீனி நாளாந்த உணவுச் சக்தியில் 10 வீதத்துக்குக் குறைவாகவும், முடிந்தால் 5 வீதத்துக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த 5 வீதம் என்பது நாள் முழுக்கச் சுமார் 3 தேக்கரண்டி. ஒரு போத்தலுக்கு எத்தனை கரண்டி போடுகிறார்கள், நாளைக்கு எத்தனை போத்தல் என்று மாமியாரோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அவரைக் குறை சொல்லி விடாதீர்கள். பிள்ளை அழாமல், பசியாமல் இருக்கட்டும் என்ற அன்பில்தான் அவர் கொடுக்கிறார்.

கடைக்கார அண்ணன் தைரியம் சொன்னது நல்லது. ஆனால் விழுகிற பல்தானே என்பதை நான் ஏற்க மாட்டேன். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையானால் இன்னும் ஏழெட்டு வருஷம் பிள்ளை எதை வைத்து மெல்லும்? ரொட்டியைக் கடிக்க முடியாமல் தேத்தண்ணியில் ஊறவைத்து விழுங்கும் பிள்ளைகளை நான் வகுப்பு வகுப்பாகப் பார்த்திருக்கிறேன். வலியில் ராத்திரி தூக்கம் போகும், காலையில் பாடசாலையில் தூங்கி விழும், நிறையும் கூடாது. வேரில் சீழ் பிடித்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லும் பழுதாகலாம். பால் பல்லை நேரத்துக்கு முன்பே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சரிந்து வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், பிறகு வரும் பல் கோணலாக முளைக்கும்.

இதைவிட எனக்கு அதிகமாக வயிறு எரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஆறு வயதளவில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கும். அவை முளைப்பதற்காக எந்தப் பல்லும் விழாது. அதனால் யாருக்கும் தெரிவதில்லை, அதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவை சாகும் வரைக்குமான பல். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும், அதில் பிஸ்கட்டும் பனிஸும் அப்பிக்கொள்ளும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காரும். வாயைத் திறந்தால் முளைத்து ஒரு வருஷம்கூட ஆகாத அந்தப் பல் நடுவில் ஓட்டையாக இருக்கும். தாயிடம் சொன்னால், "அது விழுந்து முளைக்குமே மிஸ்" என்பார். உங்கள் வீட்டில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளை இருந்தால் வாயின் கடைசி வரை டோர்ச் அடித்துப் பாருங்கள். அந்தப் பள்ளங்களை சொத்தை வருவதற்கு முன்பே ஒரு பூச்சு வைத்து அடைக்கலாம்.

கரி, உப்பு, செங்கல் தூள் எதுவும் வேண்டாம். அவை மேலோட்டைத் தேய்த்து எடுத்துவிடும். அந்தக் காலத்து ஆட்கள் பல் கெடாமல் இருந்ததற்குக் காரணம் கரி அல்ல. அவர்களுடைய சின்ன வயதில் பால்மா போத்தலும், பக்கெட் பிஸ்கட்டும், சோடாவும் இப்படி வீட்டுக்கு வீடு இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும் தங்கச்சி. நுனி பொடிந்துவிட்டது என்கிறீர்கள், அதற்கு வீட்டில் மருந்து இல்லை. அரச பல் கிளினிக்கில் காசு வாங்க மாட்டார்கள். உங்கள் பக்கத்துப் பாடசாலையில் பல் சிகிச்சை நிலையம் இருந்தால் அங்கேயும் கேட்டுப் பாருங்கள். மூன்று வயதிலிருந்து பிள்ளைகளைப் பார்ப்பார்கள், பாடசாலையில் சேர்ந்திருக்க வேண்டும் என்று இல்லை. பல் ரொம்பவும் பழுதாகியிருந்தால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள், அங்கே சிறுவர்களுக்கென்று தனிப்பிரிவு உண்டு. அந்த அளவுக்குப் போவதற்கு முன்னால் இப்போதே போனால் உங்களுக்குப் பேர் போவது ஒரு நாளோடு முடியும்.

அனுராதபுரத்து மருமகள் எழுதியது:

நான் மலைநாட்டில் மஸ்கெலியாவில் பிறந்து வளர்ந்தவள், கலியாணம் கட்டி அனுராதபுரம் பக்கம் இருக்கிறேன். மிஸ் புளோரைட் நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே கிணற்றுத் தண்ணியில் புளோரைட் கூடியதால்தான் பிள்ளைகளின் பல்லில் பழுப்புத் திட்டும் கோடும் விழுகிறது என்று சுகாதாரப் பகுதியினர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு நாங்கள் பேஸ்ட் வாங்கும்போது புளோரைட் இல்லாததாகத்தான் பார்த்து வாங்குகிறோம். அந்தத் தங்கச்சியின் பிள்ளைக்கும் பேஸ்ட்டால்தான் பழுப்பு வந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

பல் மிஸ் எழுதியது:

நல்ல கேள்வி கேட்டீர்கள். இந்தக் குழப்பம் இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள் உள்ள குடும்பங்களில் நிறைய இருக்கிறது.

உங்கள் பக்கத்தில் நடப்பது வேறு. வட மத்திய மாகாணத்தின் பல இடங்களில் நிலத்தடித் தண்ணியில் பாறையிலிருந்து கரைந்த புளோரைட் அதிகம். பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது எட்டு வயது வரையில், அந்தத் தண்ணியை வருஷக்கணக்காகக் குடித்தால் பல் திட்டுத் திட்டாக முளைக்கும். அந்தக் கறை முளைக்கும்போதே பல்லோடு வரும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், குழி விழுந்து மெத்தென்று ஆகாது. லிந்துலைப் பிள்ளைக்குப் பல் நன்றாக முளைத்து, பிறகு வெள்ளைக்கோடு விழுந்து, பழுப்பாகி, பொடிந்திருக்கிறது. அது சொத்தைதான்.

மலைநாட்டில் நிலைமை நேர் எதிர். இங்கே மழை அதிகம், பீலித் தண்ணியிலும் ஊற்றுத் தண்ணியிலும் புளோரைட் மிகக் குறைவு. ஆகவே இங்குள்ள பிள்ளைக்குப் புளோரைட் கிடைக்கிற முக்கியமான வழி பேஸ்ட்தான். கடையில் வாங்கும்போது படத்தைப் பார்த்து வாங்காமல் பெட்டியைத் திருப்பி வாசியுங்கள். புளோரைட் 1000 பிபிஎம் (ppm) அளவாவது இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கென்று வரும் சில பேஸ்ட்டில் அதைவிடக் குறைவாக இருக்கும், சிலதில் இருக்கவே இருக்காது. ஸ்ட்ரோபெரி மணம் பல்லைக் காப்பாற்றாது.

போடும் அளவுதான் முக்கியம். மூன்று வயது ஆகும் வரை ஒரு அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல பிரஷ் நிறையப் போடுவது பிள்ளைக்குக் கூடாது. அரிசி அளவு என்றால் கொஞ்சம் விழுங்கினாலும் பயமில்லை. பேஸ்ட்டைப் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், சில பிள்ளைகள் பிதுக்கித் தின்னும். விளக்கி முடிந்ததும் துப்பினால் போதும், தண்ணி ஊற்றிக் கொப்பளிக்கத் தேவையில்லை. கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய புளோரைட் கழுவிக்கொண்டு போய்விடும். லிந்துலைத் தங்கச்சிக்கு இது இரட்டை நன்மை, அந்தக் குளிர்ந்த தண்ணியை வாயில் ஊற்றவே வேண்டியதில்லை. பிரஷை நனைக்கக் கொஞ்சம் சுடுதண்ணி கலந்து ஒரு கோப்பையில் எடுத்துக்கொண்டு, அடுப்படியில் கதகதப்பாக உட்கார்ந்து விளக்கிவிடுங்கள். பீலிக்கே கொண்டுபோக வேண்டாம்.

அனுராதபுரத்துத் தங்கச்சி, உங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பேஸ்ட் என்பதை அங்குள்ள பல் டொக்டரிடம் உங்கள் குடிதண்ணியைப் பற்றியும் சொல்லிக் கேட்டு முடிவு செய்யுங்கள். நான் மலைநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதை அப்படியே அங்கே கொண்டுபோக வேண்டாம்.

பிள்ளைக்காம்பரா மிஸ் எழுதியது:

நானும் டிக்கோயா பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்களிடம் காலையில் போத்தலோடு வராத பிள்ளை குறைவு. போத்தலை ஒரே நாளில் பிடுங்கினால் பிள்ளையும் தாங்காது, அப்பாயிமாரும் தாங்க மாட்டார்கள். நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம்.

முதலில் சீனியைக் குறைப்போம். இரண்டு கரண்டி போட்டால் ஒன்றரை, சில நாள் கழித்து ஒன்று, அப்புறம் அரை. பிள்ளைக்குத் தெரியாமலே நாக்கு பழகிவிடும். சீனி முழுதாக நின்ற பிறகு பாலைக் கோப்பையில் கொடுப்போம். கோப்பையைப் பிள்ளையே தெரிந்தெடுக்க விடுங்கள், தன்னுடைய கோப்பை என்றால் அதில்தான் குடிப்பேன் என்று நிற்கும். தாகத்துக்குப் போத்தல் கேட்டால் ஆறவைத்த வெறும் தண்ணி மட்டும் ஊற்றிக் கொடுப்போம். தண்ணி என்றதும் இரண்டு வாய் குடித்துவிட்டுப் பிள்ளையே கீழே வைத்துவிடும்.

பகல் சாப்பாடு முடிந்ததும் எல்லோருக்கும் பல் விளக்கு நேரம். பிரஷ்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிற நூல் கட்டியிருக்கிறோம், மாறிப்போகாது. ஒன்றை ஒன்று பார்த்துச் செய்வதால் வீட்டில் அடம் பிடிக்கும் பிள்ளைகூட இங்கே வரிசையில் வந்து வாயைத் திறக்கும். தங்கச்சி, குளிர் என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. உங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பேசிப் பாருங்கள்.

ஒன்று மிஸ்ஸிடம் கேட்க வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் தானே விளக்குவேன் என்று பிரஷைப் பிடுங்குகிறார்கள். விடலாமா?

பல் மிஸ் எழுதியது:

விடுங்கள், ஆசைக்குக் கொஞ்ச நேரம் விளக்கட்டும். அதற்குப் பிறகு நீங்கள் வாங்கி ஒரு தடவை முழுதாக விளக்கிவிட வேண்டும். ஏழெட்டு வயது வரை பிள்ளைக்குக் கை அவ்வளவு நுணுக்கமாக வராது. முன்பல்லை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, பேஸ்ட்டைச் சப்பி முடிந்தது என்று சொல்லும். கடைவாய்ப் பக்கம் பிரஷ் போயே இருக்காது.

வீட்டில் ஒருவர் தனியாக விளக்குவதென்றால், பிள்ளை உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும், அல்லது மடியில் தலை வைத்துப் படுக்கட்டும். நீங்கள் மேலிருந்து பார்த்தால் வாய் முழுக்கத் தெரியும். ஒரு கையால் உதட்டை விலக்கிக்கொண்டு, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷைச் சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். அழுத்தத் தேவையில்லை. காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ராத்திரி விளக்குவதை விட்டுவிடாதீர்கள். விளக்கிய பிறகு தண்ணியைத் தவிர எதுவும் வாய்க்குள் போகக்கூடாது.

பிள்ளைக்காம்பரா மிஸ் செய்யும் வேலையைப் பார்க்க எனக்கு மனம் நிறைகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு வரும் தேத்தண்ணியையும் பாருங்கள். சீனி இல்லாவிட்டாலும் சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுப்பது நல்லதல்ல, சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுக்க விடாது. இரத்தம் குறைந்த பிள்ளைகள் நம் தோட்டங்களில் ஏற்கெனவே அதிகம்.

லிந்துலை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமியாருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கையில் சீனி வைத்துக் கொடுக்கும் இடம் வந்ததும், "நம்ம வீட்டைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கு" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணிப் பார்த்தோம். போத்தலிலும் கையிலும் போகும் சீனி மிஸ் சொன்ன மூன்று கரண்டியை மத்தியானத்துக்கு முன்பே தாண்டிவிடுகிறது.

உதட்டைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தோம். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் பள்ளத்திலும் கறுப்புப் புள்ளி இருக்கிறது. மிட்வைஃப் மிஸ் நிறை பார்க்கும் கிளினிக்குக்கு வந்தபோது காட்டினேன். பல் கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தந்தார். சம்பளம் எடுத்த மறுநாள் போவதாக இருக்கிறேன். போத்தலில் சீனி பாதியாகிவிட்டது. முதல் இரண்டு ராத்திரி கத்தினாள், இப்போது குடிக்கிறாள். அடுப்படியில் மடியில் போட்டு விளக்குவதற்கு அழுகை இல்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறார்.

இன்னும் இரண்டு கேள்வி. அவளுக்கு அடிக்கடி சளி, இருமல் வரும், ராத்திரி படுக்கும்போது பாணி மருந்து கொடுப்போம். அதிலும் சீனி இருக்குமா? மற்றது, நான் இப்போது நான்கு மாதம். வரப்போகிற பிள்ளைக்காவது இப்படி வராமல் இருக்க இப்போதிலிருந்தே ஏதாவது செய்யலாமா?

ஹட்டன் கடைக்காரர் எழுதியது:

மிஸ் எழுதியதை வாசித்துவிட்டுச் சின்னவனின் வாயை டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஏழு வயது. கடைசியில் அந்தப் பெரிய பல் முளைத்திருக்கிறது, நல்லவேளை இன்னும் ஓட்டை இல்லை. கடையில் சோடா போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டம் போட்டு வருகிறதே, பிள்ளைகளுக்கு வாங்க வருபவர்களுக்கு எதைச் சொல்லலாம்?

பல் மிஸ் எழுதியது:

அண்ணன், அந்தப் பல்லுக்கு இப்போதே பள்ளம் அடைக்கும் பூச்சு வைக்கச் சொல்லிக் கேளுங்கள், சரியான நேரம். அந்த வட்டம் 2016 இலிருந்து போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 இலிருந்து 11 வரை மஞ்சள், 2 க்குக் குறைந்தால் பச்சை. ஆனால் மஞ்சள் என்றால் பல்லுக்கு நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 10 கிராம் உள்ள பானத்துக்கும் மஞ்சள்தான் வரும், அது 400 மில்லிலீற்றர் போத்தல் என்றால் 40 கிராம் சீனி. பச்சை வட்டம் போட்ட சோடாவிலும் புளிப்பு உண்டு, அதுவும் பல்லை அரிக்கும். பிள்ளைக்குத் தாகம் என்று வந்தால் தண்ணிப் போத்தலைக் காட்டுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருப்பார்கள்.

தங்கச்சி, பல பாணி மருந்துகளில் சீனி இருக்கிறது. மருந்தை நிறுத்திவிடாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். ராத்திரிச் சாப்பாட்டோடு மருந்தைக் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகு பல் விளக்குங்கள். நடுச்சாமத்தில் கொடுக்க வேண்டி வந்தால் பின்னாலேயே இரண்டு வாய் தண்ணி கொடுங்கள். சீனி இல்லாத வகை உண்டா என்று மருந்து எழுதுபவரிடமும் கேட்கலாம்.

வரப்போகிற பிள்ளைக்கு இப்போது செய்ய வேண்டியது உங்கள் பல்லைக் காட்டுவதுதான். கர்ப்பிணித் தாய்மாரைக் கிளினிக்கிலிருந்தே பல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், மகளைக் கொண்டுபோகும் நாளிலேயே உங்களுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள், இன்னொரு பேர் போகாது. சொத்தை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் தாயின் வாயிலிருந்துதான் பிள்ளைக்குப் போகிறது. கரண்டியை வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டு அதே கரண்டியால் ஊட்டுவதும், கீழே விழுந்த சூப்பியைத் தாய் சப்பிச் சுத்தம் செய்து கொடுப்பதும் அதற்கு வழி. உங்கள் வாயில் சொத்தை அடைபட்டிருந்தால் அந்தக் கிருமி குறையும். பிள்ளை பிறந்த பிறகு தாய்ப்பால் கொடுங்கள், ஆறு மாதம் வரை வேறு ஒன்றும் வேண்டாம். முதல் பல் ஈறுக்கு மேலே தெரிந்த அன்றைக்கே பிரஷும் அரிசி அளவு பேஸ்ட்டும் தொடங்கலாம். ஒரு வயதில் கோப்பைக்குப் பழக்கிவிடுங்கள். பாலில் சீனி போட்டுப் பழக்காவிட்டால் அந்தப் பிள்ளை சீனி கேட்கவே கேட்காது.

மகளின் பல்லைப் பார்க்கும்போது, புளோரைட் பூச்சு வைக்க முடியுமா என்று கேளுங்கள். பிரஷ் மாதிரி ஒன்றால் பல்லில் தடவுவார்கள், வலிக்காது, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்ப வைக்க வேண்டும். அன்று காலையில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துக் கூட்டிப்போங்கள், பசித்த பிள்ளை நாற்காலியில் உட்காராது. "ஊசி போட மாட்டார்கள்" என்று சொல்லிக் கூட்டிப்போக வேண்டாம், ஊசி என்ற நினைப்பே அதிலிருந்துதான் வரும். பல்லை எண்ணிப் பார்ப்பார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் வலி வந்தால் பிள்ளையின் நிறைக்குத் தக்க பரசிட்டமோல் கொடுக்கலாம். கிராம்பெண்ணெயைச் சின்னப் பிள்ளையின் வாயில் வைக்க வேண்டாம், ஈறைப் பொசுக்கிவிடும். பெரியவர்களின் வில்லையை நசுக்கிப் பல்லில் வைப்பதும் அப்படித்தான். கன்னமோ கண்ணுக்குக் கீழோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால் சம்பள நாளைப் பார்க்காதீர்கள். இங்கே எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம், அந்த நேரமே கிட்டிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.